உரிந்த தளம்

அக்டோபர் 4

மாமாவுக்கு,

நடந்தது எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதப் போகிறேன். எதையும் கூட்ட மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். எனக்குச் சாதகமில்லாததாக இருந்தாலும் எழுதுவேன். பிற்பாடு நீங்கள் "அப்படி இல்லையே" என்று தலையைச் சொறிய வழி இருக்கக் கூடாது.

முதல் உண்மை: உங்கள் மேல் எனக்கு மிகுந்த பிரியம் இருந்தது. இப்போது இல்லை. இரண்டாவது உண்மை: நான் உங்களைப் பழிவாங்கப் போகிறேன். சொல்லிவிட்டுச் செய்வதுதான் மரியாதை என்பதால் முதலிலேயே தெரிவிக்கிறேன்.

போன வருடம் குளிர் ஆரம்பிப்பதற்குச் சற்று முன்னால் நீங்களும் அப்பாவும் எங்கள் பள்ளி முற்றத்துக்கு அச்சுத் தளம் போட்டீர்கள். ஈரக் கான்கிரீட்டின் மேல் நிறப்பொடியைத் தூவி, ரப்பர் பாய்களை விரித்து, நீங்கள் அவற்றின் மேல் ஏறி மிதித்தீர்கள். பாயைத் தூக்கியதும் வெட்டுக்கல் பாவிய பழைய கோட்டைத் தெரு மாதிரி இருந்தது. இடைவேளை முழுவதும் நான் கயிற்றுக்கு வெளியே நின்று, யார் வந்தாலும் "எங்க அப்பாவும் மாமாவும் போட்டது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

பனி உருகியபோது மேல்தோல் செதில் செதிலாக உரிந்து கிடந்தது. தலைமை ஆசிரியை, அதாவது நாங்கள் தலைமையம்மா என்று அழைப்பவர், காலைக் கூட்டத்தில் ஒலிபெருக்கியில் அப்பாவின் பெயரைச் சொல்லி, "மலைக்குளிர் என்றால் என்னவென்று தெரியாதவர்களை நம்பியது என் தவறு" என்றார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அன்று வீட்டில் நீங்களும் அப்பாவும் பேசியதைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். ஒட்டுக்கேட்டது தவறுதான். எழுதிவிட்டேன்.

"வெயில்ல மேல்பக்கம் சீக்கிரம் காஞ்சிருச்சு அத்தான். பாய் ஒட்டுச்சு. தண்ணி தெளிச்சுத்தான் அச்சு போட்டேன்," என்றீர்கள் நீங்கள்.

மேலே தண்ணீர் தெளித்தால் தோல் வலுவிழக்கும், முதல் உறைபனியிலேயே கழன்றுவிடும் என்று அப்பா உங்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பார்! "பாய் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுக் கிளம்பு. என் கண்ணுல படாத," என்றார். நீங்கள் உண்மையாகவே எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். என்னிடம் சொல்லாமல்.

இப்போது அப்பாவைத் தளம் போட யாரும் கூப்பிடுவதில்லை. சிமெண்ட் கடையில் மூட்டை இறக்குகிறார். அம்மா அதே பள்ளியின் சமையலறையில்தான் இன்னும் வேலை செய்கிறாள். தலைமையம்மாவுக்குத் தினமும் வணக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் பேச்சை எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். வகுப்பில் எனக்குச் "செதில்" என்று பெயர். "உங்கப்பா தளம் போட்டாரா, பிஸ்கட் சுட்டாரா?" என்று கேட்கிறார்கள்.

உங்கள் முகவரியைச் சிமெண்ட் லாரி ஓட்டும் அண்ணன் கொடுத்தார். கணவாய்க்கு அந்தப் பக்கம் பேருந்து நிலைய முன்தளத்தை நீங்கள்தான் போடுகிறீர்களாமே. நல்லது. இழப்பதற்கு உங்களிடம் ஏதோ இருக்கிறது.

மன்னிக்காத மருமகள்

*

அக்டோபர் 13

வக்கீலம்மாவுக்கு மாமா எழுதிக்கிறது.

லெட்டர் கிடைச்சது. லாரிக்காரன் "பாப்பா ரொம்பப் பாசமா கொடுத்துச்சு"ன்னு சொல்லிக் கையில கொடுத்தான். பிரிச்சுப் படிச்சா கொலை மிரட்டல். பரவாயில்ல, கையெழுத்து நல்லா இருக்கு.

நான் நல்லா இருக்கேன். இங்க குளிர் உங்க ஊரை விட ஜாஸ்தி. சாயங்காலமே தளத்தைக் குழந்தை மாதிரி கம்பளி போத்தி மூடறோம். பஸ் ஸ்டாண்டு முன்னாடி நான் போட்ட அச்சைப் பாத்தா நீ இந்தப் பழிவாங்கற வேலையெல்லாம் மறந்துருவ. விசிறி மாதிரி கல்லு அடுக்கின டிசைன். இன்ஜினியர் குனிஞ்சு தொட்டுப் பாத்துட்டு, "நிஜக் கல்லா?"ன்னு கேட்டார். நான் சிரிக்கவே இல்ல. அவ்வளவு பெரிய மனுசன் ஆயிட்டேன்.

உன் அப்பா மூட்டை இறக்கறாரா? அவருக்குத் தோள்பட்டை வலி உண்டே. அதை எனக்கு ஏன் எழுதின? எழுதாம இருந்திருக்கலாம். சரி, எழுதினது நல்லதுதான்.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்த லெட்டரை உன்னை எழுதச் சொன்னது அக்காவா? அவளுக்கு இது தெரியுமா? இதுக்கு மட்டும் பதில் போடு. மத்தபடி பாடத்தைப் படி.

மாமா

*

அக்டோபர் 22

மாமாவுக்கு,

அம்மாவுக்குத் தெரியாது. யார் சொல்லியும் எழுதவில்லை. கோபம் என்னுடையதுதான்.

நூலகத்தில் கட்டட வேலை பற்றிய தடித்த புத்தகம் ஒன்று இருக்கிறது. எனக்கு முன் அதை யாரும் எடுத்ததில்லை என்று நூலகர் சொன்னார். மலைப் பகுதியில் கான்கிரீட் உரிவதற்கு அதில் மூன்று காரணங்கள் உள்ளன. மேற்பரப்பில் தண்ணீர் சேர்ப்பது ஒன்று. போட்டவுடன் குளிரிலிருந்து மூடிக் காக்காமல் விடுவது இன்னொன்று. நீங்கள் மூடினீர்கள், கம்பளிகளை நானே பார்த்தேன். மூன்றாவது, முதல் குளிர்காலத்தில் பனிக்கட்டியைக் கரைக்க உப்புப் போடுவது. உப்புநீர் உள்ளே இறங்கி, இரவில் உறைந்து, பகலில் உருகி, மறுபடி உறைந்து, மேல்தோலை நெம்பி எடுத்துவிடுமாம். தளம் உரிந்ததும் அப்பா இதைப் பற்றிக் கேட்டபோது, "உப்பா? நாங்கள் மணல்தான் தூவினோம்" என்று தலைமையம்மா அம்மாவின் எதிரிலேயே சொன்னார். எனவே அதையும் அடித்துவிட்டேன். மிச்சம் இருப்பது நீங்கள்.

உரிந்த இடத்தையும் ஆராய்ந்தேன். வாசல் கதவிலிருந்து வகுப்புப் படிகள் வரை ஒரு பாதை போல அகலமாக உரிந்திருக்கிறது. இரண்டு பக்கமும் அப்படியே இருக்கிறது. நடுவில் பாய்மேல் நின்று மிதித்தவர் நீங்கள். அப்பா ஓரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு என்ன சாட்சி வேண்டும்?

என் நிபந்தனை இது. "தவறு முழுவதும் என்னுடையது, அத்தானுடையதில்லை" என்று தலைமையம்மாவுக்கு எழுதுங்கள். அதைக் காலைக் கூட்டத்தில் அதே ஒலிபெருக்கியில் படிக்க வேண்டும். மாத முடிவுக்குள் செய்யாவிட்டால், உரிந்த செதில் ஒன்றைத் தீப்பெட்டியில் வைத்து, நீங்கள் அப்பாவிடம் சொன்ன வார்த்தைகளையும் எழுதி, உங்கள் இன்ஜினியருக்கு அனுப்புவேன். தீப்பெட்டி தயாராக இருக்கிறது.

செதில்

*

நவம்பர் 2

வக்கீலம்மாவுக்கு,

லாரி இந்த வாரம் லேட்டு. கணவாய்ல மண் சரிஞ்சு கிடந்துச்சு. மாசம் முடிஞ்சு போச்சு. நீ அவசரப்பட்டிருக்க மாட்டேன்னு நம்பறேன். பட்டிருந்தா சொல்லு.

அந்தம்மாவுக்கு நான் எழுத மாட்டேன். உன் அப்பா கால்ல விழச் சொன்னா விழறேன். அந்தம்மாவுக்கு ஒரு வரி, ஒரு எழுத்து, ஒரு புள்ளி எழுத மாட்டேன். காரணம் கேக்காத.

ஆனா இன்னொண்ணு சொல்றேன், இது பொறுக்கல. "நடுவில் மிதித்தவர் நீங்கள், அதனால் உரிந்தது"ன்னு எழுதியிருக்கியே, என்ன துணிச்சல் உனக்கு? பாயைக் கையில புடிச்ச நாள்லேர்ந்து நான் அச்சு போட்ட இடத்துல ஒரு பொட்டு உரிஞ்சதில்ல. தண்ணி தெளிச்சேனாம்! குழாயடி மூலையில ஒரு கை தெளிச்சிருப்பேன், பாய் ஓரம் ஒட்டினதுக்கு. அதுவும் தப்புதான். போய்ப் பாரு, அந்த மூலை எப்படி இருக்குன்னு. நடுப் பாதையில ஒரு சொட்டு விடல. சொடுக்கிப் பாத்தா மணி மாதிரி சத்தம் வந்த தளம் அது.

சரி, அதை விடு. எழுதினதை அடிச்சா அசிங்கமா இருக்கும், அதனால அடிக்கல. நீ இதைப் படிக்காத மாதிரி இருந்துக்கோ. மேல தோண்டாத. தோண்டினா நம்ம வீட்டுக் குழாய்லயே கடப்பாரை படும்.

மாமா

*

நவம்பர் 8

மாமாவுக்கு,

அவசரப்பட்டுவிட்டேன். மாதம் முடிந்த மறுநாளே தீப்பெட்டி தபாலில் போய்விட்டது. உண்மையைச் சொல்வதென்றால், அனுப்பிவிட்டு வீட்டுக்கு வரும் வழியில் துள்ளிக் குதித்து வந்தேன்.

பிறகுதான் உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் சொன்னபடி குழாயடி மூலைக்குப் போனேன். அங்கே ஓரத்தில் மட்டும் லேசாகச் சொரசொரப்பு. மற்றபடி புதிது போல இருக்கிறது. ஒரு கல் வரியில் உங்கள் கட்டைவிரல் தடம்கூட இருக்கிறது. அப்படியானால் நீங்கள் அப்பாவிடம் சொன்னது பொய். செய்யாத தவறைச் செய்ததாக ஒருவர் ஏன் சொல்ல வேண்டும்?

வாசல் காவலாளியைத் தெரியுமல்லவா? எந்நேரமும் விசில் கழுத்தில் தொங்குவதால் நாங்கள் "விசில்" என்போமே, அவரிடம் போனேன்.

"போன குளிர்காலத்துல இந்தப் பாதையில என்ன தூவினாங்க?"

"மணல்னு சொல்லச் சொல்லியிருக்காங்க."

"சொல்லச் சொன்னதைக் கேக்கல. தூவினதைக் கேக்கறேன்."

அவர் விசிலை வாயில் வைத்து, ஊதாமல் எடுத்துவிட்டு, "பாப்பா, ஏன் என் சோத்துல கை வைக்கற? சமையல்கட்டுல என்ன இருக்குமோ அதைத்தான் தூவினாங்க. போய் உங்கம்மாவைக் கேளு," என்றார்.

நான் அம்மாவைக் கேட்கவில்லை. முதல் முறையாக எனக்குக் கேட்கத் துணிவு வரவில்லை. சமையலறை வாசல் வரை போனேன். அம்மா உப்பு டின்னைத் திறந்து கையால் அள்ளிப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி, "என்னடி?" என்றாள். "ஒண்ணுமில்ல," என்று வந்துவிட்டேன்.

மாமா, நீங்கள் சொல்லுங்கள். கதவிலிருந்து படி வரை உப்புப் போட்டது அம்மாவா?

மருமகள்

*

நவம்பர் 17

நீ சொன்னபடி செஞ்சுட்ட. உன் தீப்பெட்டி வந்துச்சு. இன்ஜினியர் எல்லார் முன்னாடியும் அதைத் திறந்து மேசையில கொட்டினார். "இது உன் கைவேலையா? தண்ணி தெளிச்சுத்தான் இதையும் போட்டியா?"ன்னு கேட்டார். இல்லைன்னு சொன்னா உன் அப்பாகிட்ட சொன்னது பொய்யாயிடும். பேசாம நின்னேன். பாதித் தளத்தோட வேலை வேற ஆளுகிட்ட போயிருச்சு. நான் இப்ப அதே வாசல்ல சாக்கடை தோண்டிக்கிட்டு இருக்கேன். என் பாய்ல வேற ஒருத்தன் ஏறி மிதிக்கறான். அதுவும் எப்படி? தவளை மாதிரி குதிக்கறான்.

ரெண்டு நாள் உன் மேல இருந்த ஆத்திரத்துல லாரிக்காரன் முகத்தையே பாக்கல. இந்த லெட்டரை ரெண்டு தடவை கிழிச்சேன்.

கேட்டியே, கேட்டுக்கோ. அக்காதான் போட்டா.

தளம் போட்டு முடிச்ச அன்னைக்கே நான் அந்தம்மாகிட்ட நேரா சொன்னேன்: "முதல் குளிர்காலம் உப்பு மட்டும் ஆகாது மேடம், மணல் தூவுங்க." சரின்னு தலையாட்டினாங்க. ஆண்டு விழாவுக்குப் பெரிய இடத்துல இருந்து விருந்தாளிங்க வர்றாங்கன்னதும் மணல் அசிங்கமா தெரிஞ்சிருக்கு. அக்காவைக் கூப்பிட்டு உப்பைத் தூவச் சொல்லியிருக்காங்க. அக்கா வேண்டாம்னு சொல்லியிருக்கா. "தளம் பள்ளிக்கூடத்துதா, உன் புருஷனுதா? சொன்னதைச் செய், இல்லன்னா நாளைக்கு வராத"ன்னாங்களாம். விழா முடிஞ்சும் நிறுத்தல. குளிர்காலம் பூரா தினமும் காலையில, நீங்க வர்றதுக்கு முன்னாடி.

உரிஞ்சப்புறம் நான் அந்தப் பாதையைப் பாத்ததுமே புரிஞ்சுக்கிட்டேன். அக்காகிட்ட கேட்டேன். அடுப்படியில உக்காந்து என் கையைப் புடிச்சுக்கிட்டா. "உன் அத்தானுக்குத் தெரிஞ்சா என் மூஞ்சியில முழிக்க மாட்டார்டா"ன்னா. என்னைத் தூக்கி வளத்த கை அது. நான் என்ன செய்யறது? அப்பதான் தண்ணி தெளிச்சேன்னு சொன்னேன். உன் அப்பா ரெண்டு நாள் திட்டுவார், மூணாம் நாள் பாயை எடுடான்னு கூப்பிடுவார்னு நினைச்சேன். அங்கதான் கணக்கு தப்பிருச்சு.

உன் அப்பாகிட்ட சொன்னா உன்னை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டேன்.

மாமா

*

நவம்பர் 25

மாமாவுக்கு,

மன்னிப்புக் கேட்கிறேன். இதற்கு மேல் எழுதினால் உங்களுக்காக எழுதுவதை விட்டு, எனக்கு ஆறுதலாக எழுத ஆரம்பித்துவிடுவேன். இன்ஜினியருக்கு, நான் எழுதியது தவறு என்று நேற்றே தபால் போட்டுவிட்டேன். அவர் நம்புவாரா தெரியவில்லை.

பழிவாங்கும் எண்ணத்தை நான் கைவிடவில்லை. ஆளைத்தான் மாற்றியிருக்கிறேன்.

இன்றைக்குக் காலைக் கூட்டத்தில் தலைமையம்மா "நேர்மை" பற்றிப் பேசினார். நான் கைதட்டவில்லை. கூட்டம் முடிந்ததும் அவர் அந்த உரிந்த பாதை வழியாக நடந்து, காலில் ஒட்டிய செதிலைப் படியில் தட்டிவிட்டு உள்ளே போனார். அந்தத் தட்டலை நான் மறக்க மாட்டேன்.

மார்ச்சில் அறிவியல் கண்காட்சி. பெற்றோரும் வெளியூர் விருந்தினரும் வருவார்கள். ஒரே கலவையில் இரண்டு பலகைகள் வார்த்து, இரண்டையும் குளிர்காலம் முழுக்க வெளியில் வைத்து, ஒன்றில் மட்டும் தினமும் உப்புப் போடப் போகிறேன். நூலகத்துக்குப் பின்னால் வைத்துக்கொள்ள விசில் இடம் தருகிறேன் என்றார். "எனக்கு எதுவும் தெரியாது, ஆனா நான் பாத்துக்கறேன்," என்றார்.

அட்டையில் அம்மாவைப் பற்றி எழுத மாட்டேன். "தலைமை ஆசிரியையின் உத்தரவுப்படி" என்பதோடு நிறுத்திவிடுவேன். அது முழு உண்மை இல்லை. எல்லாவற்றையும் எழுதுவேன் என்று சொன்னவள் ஒன்றை விடுகிறேன். உங்களுக்காகவும் அம்மாவுக்காகவும்.

அப்பாவின் கலவையை எனக்குச் சொல்லித் தாருங்கள். நீங்கள் இல்லாமல் என்னால் முடியாது.

மருமகள்

*

டிசம்பர் 3

வக்கீலம்மாவுக்கு,

சாக்கடைக்குள்ள நின்னுக்கிட்டே உன் லெட்டரைப் படிச்சேன். சிரிப்பு வந்துருச்சு. மேல நின்ன ஆள், "என்ன, புதையல் கிடைச்சுதா?"ன்னான். கிடைச்ச மாதிரிதான்.

உன் மேல கோபம் போகல. பாதி இருக்கு. மிச்சப் பாதியை அந்தம்மாவுக்கு மாத்திட்டேன்.

இப்ப கவனமா கேளு. ரெண்டு பழைய மேசை இழுப்பறை எடு. ரெண்டும் ஒரே அளவு இருக்கணும். கலவை ஒரே வாளியில கலக்கணும். இது முக்கியம். ரெண்டு வாளியில கலக்கினா அந்தம்மா அதைத்தான் புடிச்சுக்குவாங்க. தண்ணி கம்மியா ஊத்து, கை வலிக்கணும், அதுதான் பதம். குமிழி மருந்து மறக்காத. அது கண்ணுக்குத் தெரியாத குமிழியைக் கலவைக்குள்ள உண்டாக்கும். உள்ள இருக்கிற ஈரம் உறைஞ்சு வீங்கும்போது ஒதுங்க இடம் வேணும்ல, அதுக்கு. விசிலை அனுப்பி வாங்கு, நீ போகாத. கடையில உன் அப்பா இருப்பார்.

லாரிக்காரன்கிட்ட ஒரு பார்சல் இருக்கும். என் பாய் ஒண்ணோட மூலையை வெட்டி அனுப்பியிருக்கேன். ஆமா, வெட்டிட்டேன். அந்தத் தவளை மிதிக்கற பாய்தான். பொடி தூவி, அதை வச்சு உள்ளங்கையால அழுத்து. ஈரக் கையால தடவாத. அச்சு போட்டதும் ரெண்டையும் கம்பளி போத்தி நல்லா இறுக விடு. இறுகினப்புறம் ரெண்டுலயும் தினமும் தண்ணி ஊத்து, ஒண்ணுல மட்டும் உப்பு.

இன்னொண்ணு. உப்பு படாத பலகையும் உரிஞ்சுதுன்னா, நீ ஒத்துக்கணும். அப்ப தப்பு எங்க கலவைலதான், அந்தம்மா சொன்னது சரி. அந்தப் பயத்தோடயே செய். பயம் இல்லாம போட்ட தளம் நிக்காது.

அக்கா பேரு வேண்டாம். சொன்னதைக் காப்பாத்து.

மாமா

*

ஜனவரி 19

மாமாவுக்கு, அவசரமாக:

உப்பில்லாத பலகையின் ஒரு மூலை உரிகிறது! சின்னதுதான், ஆனால் உரிகிறது. விசில், "உரிஞ்ச மூலையைச் சுவத்துப் பக்கம் திருப்பி வைச்சிடலாம் பாப்பா," என்கிறார். என்ன செய்வது?

*

ஜனவரி 27

திருப்பி வைக்காத. அச்சு போட்ட அன்னைக்கு அந்த மூலையில நீ என்ன செஞ்சேன்னு நல்லா யோசி. ஈரக் கை பட்டுச்சா? பட்டுருந்தா அதையும் அட்டையில எழுது.

இங்க ஒரு சேதி. தவளை போட்ட பாதி மேல்பக்கம் காய்ஞ்சு வெடிச்சுப் போச்சு. என் பாதி அப்படியே நிக்குது. இன்ஜினியர் சுத்தியலை எடுத்துக்கிட்டு என் தளத்தைத் தினமும் தட்டிப் பாக்கறார். மணிச் சத்தம் கேட்டதும் முகம் சுருங்குது. நான் சாக்கடைக்குள்ள இருந்து, "இன்னும் கொஞ்சம் பலமா தட்டுங்க சார்"னு சொல்றேன். இதுவும் ஒரு பழிதான், சின்னதா இருந்தாலும் ருசியா இருக்கு.

மாமா

*

மார்ச் 14

மாமாவுக்கு,

முதலில் மூலை. அச்சு போட்ட அன்று நீங்கள் சொன்னதை மறந்து, அழகாக இருக்கட்டும் என்று அந்த மூலையை ஈரக் கையால் தடவினேன். நினைவு வந்ததும் அட்டையில் எழுதினேன்.

இனி நேற்றைய கண்காட்சி. உப்புப் போட்ட பலகை பள்ளி முற்றத்தின் குட்டி போல இருந்தது. விரல் பட்டாலே செதில் வந்தது. மற்றது, அந்த மூலையைத் தவிர, முதல் நாள் போலவே இருந்தது. பக்கத்தில் என் அட்டை: "இரண்டும் ஒரே வாளிக் கலவை. இடப்பக்கம் உள்ளதில் தினமும் உப்பு, நம் முற்றத்துப் பாதையில் தலைமை ஆசிரியையின் உத்தரவுப்படி தூவப்பட்டது போல." அப்பாவிடம், "ஒரு வேலை பாக்கணும், வாங்க," என்று மட்டும் சொல்லியிருந்தேன். கடையிலிருந்து நேராக வந்து, தோளில் சிமெண்ட் தூசியோடு கடைசியில் நின்றார்.

தலைமையம்மா விருந்தினரோடு வந்தார். சிரித்துக்கொண்டே அட்டையைப் படிக்க ஆரம்பித்தார். பாதியில் சிரிப்பு நின்றது.

"இந்தப் பலகையும் உரிஞ்சிருக்கே?" என்று மூலையைக் காட்டினார்.

"அது நான் ஈரக் கையால தடவின இடம் மேடம். கீழே எழுதியிருக்கேன்."

விருந்தினர் ஒருவர் உப்புப் பலகையைத் தொட்டார். தோல் அவர் விரலோடு வந்துவிட்டது. "அட, அப்ப வாசல்ல பாத்தது இதுதானா?" என்றார்.

தலைமையம்மா ஒரு கணம்தான் தடுமாறினார். பிறகு கூட்டத்துக்குக் கேட்கும்படி, "உப்புப் போட்டது யாருன்னு ஏன்மா எழுதல? உங்கம்மா கையால போட்டது. அச்சுக்காரர் பொண்டாட்டிக்கே தெரியாதா, போடக் கூடாதுன்னு?" என்றார்.

நான் அப்பாவைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. தலைமையம்மா என்னைவிடக் கெட்டிக்காரர் என்று அந்தக் கணத்தில் புரிந்தது. நான் மறைத்த ஒரே உண்மையை எடுத்து என் மேலேயே வீசிவிட்டார்.

சமையலறைப் பக்கத்துக் கதவு திறந்தது. அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள். எவ்வளவு நேரமாக அங்கே நின்றாளோ.

"ஆமா, நான்தான் போட்டேன்," என்றாள். "தெரிஞ்சுதான் போட்டேன். வேண்டாம்னு சொன்னேன். 'தளம் பள்ளிக்கூடத்துதா, உன் புருஷனுதா'ன்னு கேட்டீங்களே, ஞாபகம் இருக்கா மேடம்? அப்புறம் அவர் உப்பான்னு கேட்டப்ப, என்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டே மணல்னு சொன்னீங்க. நானும் வாயை மூடிக்கிட்டு நின்னேன். உங்க பொய்யில பாதி என்னுது. என் பாதியை இப்ப திருப்பி எடுத்துக்கறேன். மீதியை நீங்க வச்சுக்கோங்க."

விசில், எதற்கென்று தெரியவில்லை, ஒரு தடவை ஊதினார்.

அம்மா தொடர்ந்தாள்: "தண்ணி தெளிச்சேன்னு என் தம்பி சொன்னதும் பொய். எனக்காகச் சொன்னது." இதை அவள் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

அப்பா முன்னால் வந்து, உப்பில்லாத பலகையைத் தூக்கி, சொடுக்கிக் காதருகே வைத்துக் கேட்டார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இதோடு முடிந்தது என்று எழுத முடிந்தால் நன்றாக இருக்கும். வீட்டில் அப்பா அம்மாவிடம், "நீ உப்புப் போட்டதைக்கூட விட்டுர்றேன். ஒரு வருஷமா நான் மூட்டை இறக்கிட்டு வர்றதைப் பாத்துக்கிட்டே சோறு போட்டியே," என்றார். இன்னும் அவர்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. பழிவாங்கினால் மனது நிறையும் என்று நினைத்திருந்தேன். முக்கால்தான் நிறைந்திருக்கிறது.

அம்மா இன்று காலையும் வேலைக்குப் போனாள். "அவங்க போகச் சொல்லட்டும். நானா போக மாட்டேன். தினம் என் மூஞ்சியைப் பாக்கட்டும்," என்றாள். யாரும் போகச் சொல்லவில்லை. வகுப்பில் என்னைச் செதில் என்று கூப்பிட ஒருத்தி வாயைத் திறந்தாள். பக்கத்திலிருந்தவள் அவளைக் கிள்ளினாள்.

மதியம் தலைமையம்மா அப்பாவை வரவழைத்து, நடுப் பாதையை மட்டும் பெயர்த்துப் புதிதாகப் போட்டுத் தரச் சொன்னார். ரொம்பத் தன்மையாகப் பேசினாராம். அப்பா சொன்னது இது: "மாட்டேன் மேடம். ரெண்டு பக்கமும் நல்லா இருக்கு. நடுவுல அப்படியே கிடக்கட்டும். வர்றவங்க உப்பு பட்ட இடம் எது, படாத இடம் எதுன்னு பாத்துக்கட்டும்." ஊரிலுள்ள மற்ற மேஸ்திரிகளும், அப்பா கைவைக்காத வரை நாங்கள் தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். போன வருடம் அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான் இவர்களும்.

நாளைக்கு லாரியில் இந்தக் கடிதத்தோடு அப்பாவும் வருகிறார். மன்னிப்புக் கேட்க மாட்டார். "பாய் எந்த நிலைமையில இருக்குன்னு பாக்க வந்தேன்," என்பார். மூலை வெட்டியிருப்பதைப் பார்த்ததும் திட்டுவார். தயவுசெய்து உடனே சிரித்துவிடாதீர்கள். கொஞ்சம் திட்ட விடுங்கள். ஒரு வருடமாகத் திட்ட ஆளில்லாமல் இருக்கிறார்.

இதை நூலகப் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். சாயங்காலமாகிவிட்டது. பக்கத்தில் விசில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார். எதிரே தலைமையம்மாவின் அறை. வெளியே போக அவருக்கு வேறு வழி கிடையாது. கதவுக்கு அந்த உரிந்த பாதை வழியாகத்தான் நடக்க வேண்டும். நேற்றிலிருந்து அவர் எல்லோரும் போன பிறகே கிளம்புகிறார். நாங்கள் இரண்டு பேர் இன்னும் போகவில்லை.

"பாப்பா, போதும், வீட்டுக்குப் போ," என்கிறார் விசில். ஆனால் அவரும் எழுந்திருக்கவில்லை.

செதில்கள் காலடியில் நொறுங்கும் சத்தம் எப்படியிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதைக் கேட்டுவிட்டுப் போகிறேன்.

அவர் அறையில் விளக்குகள் அணைந்துவிட்டன.